பெங்களூர் விலை

சின்னப்பையன் டெலிபோனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒயர் யார் காலிலும் சிக்காதபடி ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்தி உட்கார்ந்தார். அறுபதை நெருங்கும் மனிதருக்கு இப்படியொரு பெயர். பெற்றவர்கள் வைத்துவிட்டுப் போனார்கள், ஊரும் மாற்றவில்லை.

“ஹலோ. ஆமா, அண்ணன்தான். தவறிட்டாரு. காலீல நெஞ்சு வலிக்குதுன்னாரு, சோடா வாங்கியாறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. மூணு மணிக்கு எடுத்துடறோம். வந்துடுங்க.”

வைத்தார். உடனே அடுத்த மணி அடித்தது. முதல் இரண்டு அழைப்புகளுக்கு அவர் குரல் உடைந்தது. அதற்கப்புறம் மண்டியில் அன்றைய நெல் விலை சொல்கிற குரல் வந்துவிட்டது. துக்கம் குறைந்துவிட்டது என்றில்லை. ஒரே விஷயத்தைப் பத்துப் பேருக்குச் சொன்னால் யார் குரலும் கடைக்குரலாகிவிடும்போல என்று தேவகி நினைத்தாள்.

உள்ளே கூடத்தில், ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, அவளுடைய அப்பா எல்லப்பன் படுத்திருந்தார். நெல் தரகர். உத்திரமேரூர் மண்டியில் அவர் வாயைத் திறந்தால் மூட்டைக்கு ஐந்து ரூபாயாவது ஏறும் அல்லது இறங்கும். வீட்டு முன்னறையை அடைத்து மகளுக்கு பிரவுசிங் சென்டர் வைத்துக் கொடுத்தவரும் அவர்தான். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரே ஒரு டெலிபோன் ஒயர். ஒயரை மோடத்தில் சொருகினால் போன் செத்துவிடும். போனில் சொருகினால் இன்டர்நெட் செத்துவிடும். இரண்டுக்கும் முறை வைத்துத்தான் தேவகி பிழைப்பு நடத்தினாள்.

இன்று ஒயர் சித்தப்பாவின் மடியில் இருந்தது.

அம்மா கங்கம்மாள் கூடத்திலிருந்து எழுந்து வந்து, நிலைப்படியில் நின்று, தேவகியின் காதருகே கேட்டாள். “அவனுக்குச் சொன்னியா?”

“லைன் ஏதும்மா?”

“மூஞ்சியயாவது பாக்கட்டுமேடி.”

அவன் என்பது சக்திவேல். தேவகியின் அண்ணன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று வருஷமாக அவனும் அப்பாவும் பேசுவதில்லை. அதற்கும் காரணம் இந்த முன்னறைதான்.

அவன் அங்கே ஒரு பெண்ணைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டான். சொல்ல பயம். மெயிலில் ஒரு போட்டோ அனுப்பினான். கடை நிறையக் கூட்டமிருந்த நேரத்தில், ‘அண்ணன் என்னமோ அனுப்பிகீது’ என்று தேவகி அப்பாவையும் கூப்பிட்டு உட்கார வைத்துத் திறந்தாள். அந்த லைனில் படம் ஒரே மூச்சில் வராது. மேலிருந்து கீழாக, அங்குலம் அங்குலமாகத்தான் இறங்கும். முதலில் வாழைமரம் இறங்கியது. அப்புறம் ஒரு கிரீடம் மாதிரி பூ. ‘சாமி படம்பா’ என்றார் ஜெராக்ஸுக்கு வந்தவர். அப்புறம் சக்திவேலின் முகம், மாலை, பக்கத்தில் இன்னொரு மாலை. தாலி வரைக்கும் படம் இறங்குவதற்குள் கடையிலிருந்த அத்தனை பேரும் விஷயத்தை முடித்துவிட்டார்கள். அப்பாவுக்குத்தான் கடைசியில் புரிந்தது.

‘ஆள் வந்து சொல்லல. தட்டு வச்சிச் சொல்லல. ஜெராக்ஸ் எடுக்க வந்தவன் எனக்குச் சொல்றான்’ என்று எழுந்து உள்ளே போனவர், அப்புறம் மகன் பெயரைச் சொல்லவில்லை. அவன் போன் நம்பரும் மாறியது. தேவகி மெயிலில் கேட்டதற்கு, ‘நைனா கேட்டா குடுக்கிறேன்’ என்றான். அப்பா கேட்கவில்லை. முதல் விலையை எதிராளிதான் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருமே உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனால் பிற்பகலில் கூட்டம் ஓய்ந்ததும் அப்பா வந்து தேவகிக்குப் பின்னால் நிற்பார். ‘பெங்களூர்ல பொன்னி இன்னா விலை போவுதோ’ என்று காற்றைப் பார்த்துக் கேட்பார். தேவகி மெசஞ்சரில் தட்டுவாள். வாழ்நாளில் அரிசிக்கடை வாசலை மிதிக்காத சக்திவேல், மறுநாள் விலையோடு வருவான். எந்தக் கடை, புதுசா பழசா என்பது வரைக்கும். ‘கடைக்காரன் ஏமாத்தறான்’ என்பார் அப்பா. ‘ரெண்டு கடை தள்ளி விசாரிக்கச் சொல்லு.’ யாரிடம் சொல்லச் சொல்கிறார் என்பதைச் சொல்லமாட்டார்.

இது சித்தப்பாவுக்குத் தெரியாது. காலையிலேயே அவர் சொல்லிவிட்டார். “கல்யாணத்த மெஷின்ல அனுப்புனவன் அவன். சாவையும் மெஷின்லயா சொல்றது? சாவுன்னா ஆள் போயிச் சொல்லணும். ஆள் போயி அவன் வர்றதுக்குள்ள ஐஸே கரஞ்சிடும். வுடு. கொள்ளிய நான் வச்சிக்கிறேன்.”

தேவகி வாசலைப் பார்த்தாள். ஷாமியானாவுக்கு அப்பால், ரேஷன் கடை ஓரமாக, பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அன்று பிளஸ் டூ ரிசல்ட். திருமுக்கூடலிலிருந்தும் பழையசீவரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து, பந்தலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டவர்கள். எழவு வீட்டில் போய் மார்க் கேட்பது எப்படி என்று தெரியவில்லை. கேட்காவிட்டால் காஞ்சிபுரம் பஸ் ஏற வேண்டும். சைக்கிள் மணி கூட அடிக்காமல், பெருவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார்கள்.

கூடத்தில் ஒரு பெண் மட்டும் எல்லாரையும் மிஞ்சி அழுதுகொண்டிருந்தாள். சின்னப்பையனின் கடைக்குட்டி அனுஷா. “பெரியப்பான்னா உசுரு அதுக்கு” என்று பெண்கள் மெச்சினார்கள். சின்னப்பையன் இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். மூன்றாம் தரம் பார்த்துவிட்டு, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு தேவகியைக் கூப்பிட்டார்.

“இன்னாமே, ரிசல்ட்டு வந்திருக்குமா?”

“பத்து மணிக்கே வந்திருக்கும்.”

“பாப்பாது ஒரே ஒரு நம்பர். பாத்துட்டு டக்குனு கட் பண்ணிடு.”

தேவகி ரேஷன் கடைப் பக்கம் கையைக் காட்டினாள். “பாத்தா அல்லாருக்கும் பாக்கணும் சித்தப்பா.”

“அல்லாருக்குமா? மெயின் ஆளுங்களே இன்னும் போன்ல வரல, செங்கல்பட்டு சம்பந்திக்கு...”

“அப்ப வாணாம். அனுஷா அழுவட்டும்.”

சின்னப்பையன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணன் மகள் என்பது அந்த ஒரு வார்த்தையில் தெரிந்தது. மடியிலிருந்த போனை இறக்கிக் கொடுத்தார்.

மோடம் கிறீச்சிட்டது. கூடத்து ஒப்பாரி ஒரு கணம் நின்று, என்ன சத்தம் என்று கேட்டுவிட்டுத் தொடர்ந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகச் செருப்பை வெளியே விட்டு, பிணத்தின் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு முன்னறைக்குள் வந்தார்கள்.

“சாவு வூட்ல பாத்த ரிசல்ட்டு வெளங்குமா?” என்றாள் தூரத்து அத்தை ஒருத்தி.

“ரிசல்ட்டு மெட்ராஸ்லருந்து வருது அத்தை. நம்ம வூட்ல இருந்து வரல.”

போன வருஷம் இதே நாளில் அப்பா இங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கம் திறக்க நேரமாகும். அதுவரை பிள்ளைகளிடம் பேரம் பேசுவார். ‘எவ்ளோ எதிர்பாக்குற? ஆயிரமா? தொள்ளாயிரத்துக்கு முடிச்சிக்கலாமா?’ பயத்தில் வந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். இந்த வருஷம் யாரும் பேரம் பேசவில்லை. எண்ணைச் சொன்னார்கள், காத்திருந்தார்கள், தேவகி தணிந்த குரலில் மார்க்கைச் சொன்னாள். பாஸானவர்கள் என்ன முகம் வைத்துக்கொள்வதென்று தெரியாமல் வெளியே போய், பந்தலைத் தாண்டும்வரை நடந்து, அப்புறம் ஓடினார்கள். அனுஷாவுக்கு எண்ணூற்றுச் சொச்சம். அவள் திரும்பி வந்து இன்னும் பலமாக அழுதாள். ஒப்பாரிக்கு நடுவே பக்கத்துப் பெண் குனிந்து, “பாஸா?” என்று கேட்டாள். அனுஷா அழுதபடியே தலையாட்டினாள்.

“முடிஞ்சிதா? ஒயரப் புடுங்கு” என்றார் சின்னப்பையன்.

“ஒரு நிமிஷம்.”

தேவகி இன்னொரு ஜன்னலைத் திறந்தாள். மெசஞ்சர். அண்ணன் பெயர் பக்கத்தில் மஞ்சள் முகம் எரிந்தது. உள்ளே இருந்தான். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித்தான் அவர்கள் பேசிக்கொள்வார்கள். அரிசி விலைக்கு அது போதும். இதற்கு எந்த வார்த்தை என்று தெரியவில்லை. இறந்துட்டார் என்று அடித்தாள், பரீட்சைத் தாள் மாதிரி இருந்தது, அழித்தாள். கடைசியில், ‘அண்ணா, நைனா போயிட்டாரு’ என்று அனுப்பினாள். ‘காலையில. நெஞ்சு வலி.’

கீழே ஒரு வரி வந்தது: சக்திவேல் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த வரி மறைந்தது. மறுபடி வந்தது.

“யாருது?” சின்னப்பையன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

“அண்ணன்.”

அவர் திட்டுவார் என்று தேவகி எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“இன்னா சொல்றான்?”

“எழுதறான்.”

“இன்னா எழுதறான்?”

“இன்னும் வரல சித்தப்பா.”

“அழுவுறானா?”

“தெரியல.”

“இவ்ளோ பெரிய பொட்டி, அது தெரியாதா இதுல?” அவர் திரையின் பின்பக்கம்கூட எட்டிப் பார்த்தார். அப்புறம் மண்டிக்காரரின் சந்தேகம் வந்தது. “இது அவன்தான்னு இன்னா அத்தாட்சி? எவனாவது குந்திக்கினு தட்டுவான். அண்ணனுக்கு எந்தக் கால்ல தழும்புன்னு கேளு.”

தேவகி தட்டினாள். இந்தத் தடவை பதில் உடனே வந்தது. அவள் படித்துச் சொன்னாள்: “எடது முட்டி. மூட்டை அடுக்கு சரிஞ்சப்ப. சித்தப்பாதான் தோள்ல தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போனாரு.”

சின்னப்பையன் நிமிர்ந்தார். கூடத்துப் பக்கம் பார்த்தார்.

அடுத்த வரி வந்தது. ‘எப்ப எடுக்கறீங்க? நான் வரணும்.’

“மூணு மணின்னு ஊரெல்லாம் சொல்லியாச்சி. மூணுன்னு போடு.”

‘இப்பவே கார் புடிச்சாலும் ஏழு ஆவும்.’

“ஏழா! பெங்களூர் இன்னா டில்லியிலயா கீது? வெயில் கொளுத்துது, பொழுதுக்குள்ள எடுக்கணும். நாலுன்னு போடு.”

‘ஆறரை.’

தேவகி நிமிர்ந்து பார்த்தாள். சித்தப்பாவின் முகம் மாறியிருந்தது. காலையிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம் கண்ணுக்குள் வந்திருந்தது.

“பாத்தியா, ஏழுன்னவன் அரமணி எறங்கிட்டான். இன்னும் எறங்குவான். நாலரை போடு.”

கங்கம்மாள் நிலைப்படியில் வந்து நின்றாள். “இன்னாய்யா இது, பொணத்த வச்சிக்கினு பேரம் பேசிக்கினு கீற?”

“நீ சும்மா இரு அண்ணி. பையன் கிட்ட வந்துட்டான்.”

‘ஆறு’ என்று வந்தது.

“அஞ்சி. வழியில டீ குடிக்காம வரச்சொல்லு.”

எழுதிக்கொண்டிருக்கிறார் என்ற வரி வந்தது, போனது, வந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். பிறகு ஒரு நீண்ட வரி. தேவகி படித்தாள்: “அஞ்சரை. அதுக்குக் கீழ முடியாது சித்தப்பா.”

“இன்னான்னான்?”

“அஞ்சரைன்றான்.”

“அது இல்ல. கடைசியா.”

“சித்தப்பான்னு எழுதிகீறான்.”

“எங்க?”

தேவகி திரையில் விரல் வைத்துக் காட்டினாள். ஆங்கில எழுத்துகள். சின்னப்பையனுக்கு அவற்றில் பாதிதான் தெரியும். மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்து, அந்த இடத்தை இடமிருந்து வலம் பார்த்தார். திரும்ப ஒரு தரம் பார்த்தார்.

“சரி” என்றார். “முடிஞ்சிது. அஞ்சர.”

தேவகி தட்டினாள். ‘கிளம்பிட்டேன்’ என்று வந்தது. மஞ்சள் முகம் சாம்பல் நிறமானது.

மண்டியில் விலை படிந்தால் அதோடு விடுவதில்லை. ஒருவர் கை நீட்ட வேண்டும், மற்றவர் அதில் அடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காதவரை வியாபாரம் வியாபாரமில்லை. சின்னப்பையன் பழக்கத்தில் வலது கையை நீட்டிவிட்டார். கை மேசைக்கு மேலே, கீபோர்டுக்கும் திரைக்கும் நடுவில், விரித்தபடி நின்றது. அங்கே யாரும் இல்லை என்பது அவருக்கும் புரிந்ததுபோல் இருந்தது. ஆனாலும் எடுக்கவில்லை.

தேவகி மவுஸை நகர்த்தி அந்தக் கைக்குள் வைத்தாள். அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

திரையில், சாம்பல் நிறப் பெயருக்கு அருகில், சின்ன அம்புக்குறி நிற்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது.