கொக்கி யார் பேச்சைக் கேட்கிறது

டை கட்டிய ஒருவர் எங்களுக்கு அரை நாள் பாடம் நடத்தினார். நல்ல தலைவன் என்றால் தன் ஆட்களிடம் போய், "என்கிட்ட என்ன குறை?" என்று கேட்க வேண்டுமாம். கேட்டால் அவர்களும் சொல்லிவிடுவார்களாம்! அந்த மனுஷன் வாழ்நாளில் ஒரு நாளாவது நாலு பேரைக் கட்டி மேய்த்திருப்பானா என்று எனக்குச் சந்தேகம். ஆனாலும் கம்பெனி அனுப்பிய வகுப்பாயிற்றே. கேட்டுத்தான் பார்ப்போம் என்று மறுநாள் காலையிலேயே கேட்டேன்.

எங்களுடையது இரும்பு யார்டு. லாரியில் வரும் குழாய்க் கட்டுகளையும் தகடுகளையும் கிரேன் தூக்கி அடுக்கும். மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிற பெண்ணுக்குக் குருவி என்றே பெயராகிவிட்டது. கீழே சங்கிலி மாட்ட நெட்டையனும் என் மச்சினனும். மச்சினன் என்றால் செத்துப்போன என் மனைவியின் தம்பி. நான் மேஸ்திரி. மஞ்சள் சட்டை எனக்கு மட்டும்தான். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது, எல்லாம் கை ஜாடைதான். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. மஞ்சள் சட்டைக்காரன் கைக்குத் தவிர வேறு யார் கைக்கும் கிரேன் அசையக் கூடாது. ஒன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. 'நிறுத்து' என்று கையை விரித்துக் காட்டினால், அது வாட்ச்மேன் காட்டினாலும் சரி, தெருவில் போகிறவன் காட்டினாலும் சரி, கிரேன் நின்றே ஆக வேண்டும்.

அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். வீட்டில் என் பேச்சைக் கேட்க ஒரு ஜீவன் கிடையாது. இங்கே அத்தனை டன் இரும்பு என் ஒற்றை விரலுக்கு ஆடியது. மனைவி இருந்தபோதும் என் பேச்சைக் கேட்டதில்லை, அது வேறு விஷயம். ஆனால் திருப்பிப் பேசுவாள். "சட்டைப் பட்டனை ஏறுமாறா போட்டிருக்கீங்களே, இந்தக் கோலத்துலயா வெளிய போறீங்க?" என்பாள். அவள் போன பிறகு ஒரு நாள் முழுக்க ஏறுமாறாகப் பட்டன் போட்டுக்கொண்டு யார்டில் நின்றிருக்கிறேன். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் நானே பார்த்துக்கொண்டேன்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன். மூன்று பேரையும் நிற்க வைத்து, "என்கிட்ட என்ன குறை இருந்தாலும் தைரியமா சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றேன்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்ககிட்ட என்னண்ணே குறை? நீங்க தங்கம்" என்றாள் குருவி.

"தங்கம்னா அடகு வைக்கத்தான் லாயக்கு. குறையைச் சொல்லு."

நெட்டையன் தொண்டையைச் செருமினான். "இல்லண்ணே... டீக்கு விட்டா, குடிச்சு முடிக்கறதுக்குள்ள விசில் ஊதிடறீங்க. நாக்கு வெந்து போகுது."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ! "ஏன்டா, நீ டீயா குடிக்கறே? ஆத்தி ஆத்தி ஊர்க்கதை பேசறே! அதுவரைக்கும் நான் விசிலை வாயில வச்சுக்கிட்டு நிக்கணுமா?" என்று பிடித்துக்கொண்டேன். கத்தி முடித்து மூச்சு வாங்கிய பிறகு, "சரி, வேற?" என்றேன்.

"வேற ஒண்ணுமில்லண்ணே" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அந்த வாரம் முழுக்க நான் நெட்டையனோடு பேசவில்லை. குறை சொல்லச் சொன்னால் இப்படியா சொல்வான்?

டீக்கடை பெஞ்சில் அவர்கள் சிரிக்கிற சத்தம் யார்டு கேட் வரைக்கும் கேட்கும். நான் போனதும் அடங்கிவிடும். "வாங்கண்ணே, உக்காருங்க" என்று எழுந்து முழு பெஞ்சையும் விட்டுக் கொடுப்பார்கள். அத்தனை பெரிய பெஞ்சில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து டீ குடித்திருக்கிறீர்களா? தொண்டையில் இறங்காது.

மகள் தினமும் சாயங்காலம் போன் செய்வாள். எங்கோ தொலைவில் வாழ்க்கைப்பட்டவள். "எப்படிப்பா இருக்கீங்க?" என்பாள். "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்பேன். ஒரு தடவை காய்ச்சல் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, டாக்டரிடம் ஏன் போகவில்லை, மழையில் ஏன் நனைந்தீர்கள் என்று ஏகத்துக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவளுக்கு அம்மாவின் முகம், என் வாய். அன்றிலிருந்து நான் ராஜாதான்.

கொஞ்ச நாளாகவே பக்கத்து அடுக்கும் தூரத்து அடுக்கும் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தன. தூசி என்று நினைத்தேன். இரும்பு யார்டில் தூசி பறக்காமல் பன்னீரா தெளிக்கும்? தவிர, வேலையில் ஒரு பிசகும் இல்லை. குழாய்க் கட்டெல்லாம் பூ மாதிரி இறங்கி உட்கார்ந்தது. கண்ணில் கோளாறு உள்ளவன் கைக்கு இப்படி இறங்குமா?

அன்று ஒரு கட்டை இறக்கியாயிற்று. சங்கிலியைக் கழற்றியதும் வெறும் கொக்கியை மேலே தூக்க வேண்டும். கையைத் தூக்கப் போனேன், தும்மல் வந்துவிட்டது. சாதாரணத் தும்மலா அது! குனிந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. நிமிர்ந்து பார்த்தால் கொக்கி மேலே போயிருந்தது.

அவசரக்குடுக்கை என்று குருவியைத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. கை காட்டாமல் ஒரு சாண் நகர்த்த மாட்டாள். சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. கொக்கியில் பாரமில்லை, கீழே ஆளுமில்லை. விரலைக் கீழே நீட்டிச் சுழற்றினேன். இறக்கு.

கொக்கி இறங்கவில்லை. லாரிப் பக்கம் நகர்ந்தது.

மறுபடியும் இறக்கு என்று காட்டினேன். அது பாட்டுக்குப் போய் லாரிக்கு நேர் மேலே நின்றது.

திரும்பினேன். எனக்குப் பின்னால், தகடு அடுக்கின் மேல் மச்சினன் நின்றிருந்தான். நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது. முகத்தில் ஈயாடவில்லை.

"எத்தனை நாளாடா நடக்குது இது?"

"மாமா..."

"எத்தனை நாளா?"

"மழைக்கு முன்னாடியிலேருந்து" என்றான். அடுக்கிலிருந்து இறங்கிப் பக்கத்தில் வந்தான். "ஒரு கட்டு நெட்டையன் கால் மேல இறங்க இருந்துச்சு. நீங்க இறக்கு இறக்குன்னு காட்டிக்கிட்டே இருந்தீங்க. அவன் அங்க நிக்கறது உங்களுக்குத் தெரியல. குருவிதான் தானா நிறுத்துச்சு."

எனக்கு அப்படி ஒரு நாள் நினைவிலேயே இல்லை.

"சொன்னா உங்க வேலை போயிடும். சொல்லாட்டி எங்க கால் போயிடும். அதான் எல்லாரும் உக்காந்து பேசி, இப்படி வச்சுக்கலாம்னு..."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்தான் மாமா. லாரி டிரைவருங்களுக்கும் தெரியும். வாட்ச்மேனுக்கும் தெரியும்."

என்னைத் தவிர எல்லாருக்கும். நான் வெயிலில் நின்று கையைச் சுழற்றியதையெல்லாம் அவர்கள் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தபோது உடம்பே கூசிற்று.

"நான் கேட்டேனேடா! என்ன குறைன்னு வாய்விட்டுக் கேட்டேனே!"

"கேட்டீங்கண்ணே" என்றான் லாரிப் பக்கமிருந்து வந்த நெட்டையன். "டீயைப் பத்திச் சொன்னேன்."

மூக்குக்கு மேல் நிற்கும் என் கோபம் அன்றைக்கென்று பார்த்து எங்கேயோ போய்விட்டது.

மச்சினன் என் கையைப் பிடித்தான். "நீங்க எப்பவும் நிக்கற இடத்துலயே நில்லுங்க மாமா. மஞ்சள் சட்டை உங்ககிட்டயே இருக்கட்டும். ஒண்ணும் மாறாது."

நிஜமாகவே சொன்னான், பாவம். நானும் போய் நின்றேன். வேறு எங்கே போவது? இதை விட்டால் நாலு சுவர்தான் எனக்கு. ரிடையர் ஆகும் வரைக்கும் சோளக்கொல்லைப் பொம்மையாக நின்றுவிட்டுப் போனால்தான் என்ன? நெட்டையன் அடுத்த கட்டுக்குச் சங்கிலி மாட்டினான். என் முதுகுக்குப் பின்னால் மச்சினன் கை காட்டியிருப்பான். கட்டு எழும்பி எனக்கு எதிரே உயரத்தில் வந்தது. அதற்குக் கீழே கறுப்பாக, உயரமாக என்னவோ நின்றது. நெட்டையனா, கம்பமா? கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தேன். தெரியவில்லை.

கையை விரித்து வீசினேன். நிறுத்து!

கிரேன் சட்டென்று நின்றது. கட்டு மட்டும் காற்றில் ஆடியது. அன்று என் கைக்கு அது கட்டுப்பட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் மஞ்சள் சட்டைக்காக இல்லை. தெருவில் போகிறவன் காட்டியிருந்தாலும் நின்றிருக்கும்.

"என்னண்ணே ஆச்சு?" என்று நெட்டையன் எனக்குப் பின்னாலிருந்து கேட்டான். அங்கே நின்றது கம்பம்தான்.

மஞ்சள் சட்டையைக் கழற்றி மச்சினனிடம் நீட்டினேன். "போட்டுக்க."

"எனக்குத் தொளதொளன்னு இருக்கும் மாமா" என்றான், கண் கலங்கிக்கொண்டு.

"சோத்தைத் தின்னு, சரியாகும். ஆபீஸ்ல நானே போய்ச் சொல்லிக்கறேன்."

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். விளக்குப் போடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். வழக்கமான நேரத்துக்குப் போன் வந்தது.

"எப்படிப்பா இருக்கீங்க?"

ராஜா நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டான்.

"கண்ணு தெரியலம்மா" என்றேன். "வேலையை விட்டுட்டு வந்துட்டேன். வீட்டுல தனியா இருக்கவும் முடியல. உங்கம்மா போனதுலேருந்தே முடியல."

திட்டு விழும் என்று போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளியே பிடித்திருந்தேன். திட்டு வரவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

"நான் கேட்டேனேப்பா" என்றாள். "தினமும் வாய்விட்டுக் கேட்டேனே!"