அவர் போகச் சொன்னார்

அந்தச் செவ்வாய்க்கிழமை சூடாமணி எட்டு மணிக்குள் அடையாற்றிலுள்ள பள்ளிக்குப் போயாக வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு. அபிராமபுரத்துத் தெருவிலிருந்து காரைத் திருப்பியபோது, ஓரமாக நின்ற ஒரு பள்ளி வேனுக்குப் பின்னாலிருந்து பெரியவர் ஒருவர் குறுக்கே வந்துவிட்டார். பிரேக்கை அழுத்தினாள். அப்படியும் பம்பர் அவர் தொடையில் பட்டது. அவர் வேன் பக்கமாகச் சரிந்து விழுந்தார்.

சூடாமணி இறங்கி ஓடுவதற்குள் அவரே எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். விழுந்து கிடந்த துணிப்பையை எடுத்துக் கொடுத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், வண்டில ஏறுங்கோ சார்."

"ஒண்ணும் ஆவலம்மா. நான்தான் பாக்காம வந்துட்டேன்." அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். "டீச்சரா? ஸ்கூலுக்கு நேரமாவுதில்ல, நீ கெளம்பு."

பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அவர் நேராக நடந்து போவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். பெயரைக் கேட்கவில்லை, தன் போன் நம்பரையும் கொடுக்கவில்லை. சாயங்காலம் வீட்டில் கணவர் சுப்பராமனிடம் சொன்னாள். "நல்ல வேளை, பெருசா ஒண்ணும் ஆகல" என்றார் அவர். பேச்சு அதோடு நின்றது.

சனிக்கிழமை காலை ஒரு கான்ஸ்டபிள் வந்து கார் நம்பரைச் சொல்லி, ஸ்டேஷனுக்கு வரும்படி கூப்பிட்டார்.

பெரியவரின் பெயர் அப்துல் கய்யூம் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டாள். மயிலாப்பூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். செவ்வாய்க்கிழமை மதியம் கடையில் வாந்தி எடுத்து மயங்கியிருக்கிறார். கார் இடித்ததாகக் காலையில் அவர் சொல்லியிருந்ததால், தூக்கிக்கொண்டு போன பக்கத்துக் கடைக்காரர் ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லியிருக்கிறார். அடையாளம் தெரியாத கார், நிற்காமல் போய்விட்டது என்று அங்கே எழுதிக்கொண்டார்கள். விழுந்ததில் தலைக்குள் ரத்தக் கசிவு. வியாழக்கிழமை இறந்துபோனார்.

சூடாமணி இடைமறித்தாள். "நான் நிறுத்தினேன் சார். இறங்கிப் பேசினேன். அவர்தான் போகச் சொன்னார்."

சப்-இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கேமராவில் பதிவானது. கார் வருகிறது, நிற்கிறது. மற்றதையெல்லாம், பின்னால் நின்ற வண்டிகளையும்கூட, வேன் மறைத்துக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு நொடி கழித்து கார் புறப்பட்டுப் போகிறது.

"எறங்குனீங்களா இல்லையான்னு இதுல தெரியல மேடம். சரி, எறங்குனீங்கன்னே வச்சுக்கலாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல. இருபத்து நாலு மணி நேரத்துல ஸ்டேஷனுக்கு வந்து சொல்லியிருக்கணும், அதுவும் சொல்லல."

"அவர் வேண்டாம்னாரே?"

"அவரு சொன்னதுக்கு யாரு சாட்சி?"

கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தியது, விபத்தைத் தெரிவிக்காமல் போனது என்று எஃப்.ஐ.ஆரில் பிரிவு எண்கள் வரிசையாக ஏறின. அதில் முதலாவதற்கு ஐந்து வருஷம்வரை போடலாம் என்றார் வக்கீல். அன்றே ஜாமீன் கிடைத்தது. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வழக்கு முடியும்வரை விடுப்பில் இருக்கும்படி பள்ளி நிர்வாகம் மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பியது.

பத்து நாள் தினமும் காலையில் அதே முனையில் போய் நின்று அந்த வேனைக் கண்டுபிடித்தாள். டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"நான் போன் பேசிக்கினு இருந்தேன் மேடம். நீங்க எறங்கினேன்னா எறங்கித்தான் இருப்பீங்க. கோர்ட்டுக்கெல்லாம் வந்து நிக்க நம்மால ஆவாது."

"பாத்ததா சொல்ல வேண்டாம். கார் கதவு தொறந்த சத்தம் கேட்டதுன்னாவது..."

"கேக்கலியே" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று வீட்டில் சுப்பராமன், "வேற யாரும் பாத்திருக்க மாட்டாளா? நன்னா யோசிச்சுச் சொல்லு" என்றார். அவள் யோசித்தாள். நினைவுக்கு வந்தது வேறொன்று. நீ கெளம்பு என்று அவர் சொன்னபோது அவளுக்கு வந்த நிம்மதி. அதைக் கணவரிடம் சொல்லவில்லை, வக்கீலிடமும் சொல்லவில்லை.

குற்றப்பத்திரிகை வர ஏழு மாதம் ஆனது. சைதாப்பேட்டை கோர்ட்டில் முதல் நாள், வராந்தா பெஞ்சில் அவளுக்கு எதிரே முக்காடு போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கய்யூமின் மகள் ஜோயா, பெருங்குடியில் வேலை செய்கிறாள் என்று வக்கீல் காதோடு சொன்னார். பேசக்கூடாது என்றும் எச்சரித்தார். அவர் ஏதோ காகிதம் வாங்க நகர்ந்ததும் சூடாமணி எழுந்து போனாள்.

"உங்கப்பாவை நான் அப்படியே விட்டுட்டுப் போகலம்மா. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். தனக்கு ஒண்ணும் ஆவல, ஸ்கூலுக்கு நேரமாவுதுன்னார்."

ஜோயா அவளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அப்படித்தான் சொல்லியிருப்பார்," என்றாள். "ஹார்ட் அட்டாக் வந்தப்பவும் எங்ககிட்ட அதையேதான் சொன்னார். நாங்க கேக்கல, இழுத்துக்கிட்டுப் போனோம்."

"நீ நம்பறியா?"

"நம்புறேன். ஆனா நான் நம்பி என்ன ஆகப்போகுது? நான் அங்க இல்ல. கேஸ் போட்டதும் நான் இல்ல, போலீஸ்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நீங்க அவர் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது டீச்சர்."

உள்ளேயிருந்து சூடாமணியின் பெயரைக் கூப்பிட்டார்கள். போய்க் கூண்டருகே நின்றாள். மாஜிஸ்ட்ரேட் நிமிர்ந்து பார்க்காமலே அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி என்றார். வக்கீல் தலையாட்டினார். அவ்வளவுதான், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்தபோது ஜோயா படியிறங்கிக்கொண்டிருந்தாள். கூடவே இறங்குவதா, அவள் போகட்டும் என்று நிற்பதா என்று சூடாமணிக்குத் தெரியவில்லை. வக்கீல் அவளைத் தாண்டிப்போய் அடுத்த கட்சிக்காரரிடம் பேச ஆரம்பித்திருந்தார்.