பதினொரு 'அவர்களே'

கூட்டத்தில் பேச இரண்டு நிமிடம்தான் தருவார்கள் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டு மஹ்பூபா செய்த முதல் வேலை, நான் எழுதியிருந்த நாலு பக்கத்தில் மூன்றைக் கிழித்ததுதான்.

எங்கள் ஊருக்குக் காலையில் ஒரே பஸ், ஏழு மணிக்கு. பௌர்ணமி வந்தால் அதையும் கிரிவலக் கூட்டத்துக்காக வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். போன பௌர்ணமியில் என் மகள் கவிநிலாவும் மஹ்பூபாவின் மகன் அமானும் திருப்புதல் தேர்வுக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வரப்போகும் பௌர்ணமியன்று பிளஸ் டூ கணக்குப் பரீட்சை. அன்று ஒரு நாள் அந்தப் பஸ் ஓடவேண்டும். கேட்பது அவ்வளவுதான். பௌர்ணமி ஏற்பாடு பற்றி வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றதும் ஊரில் என்னைப் பேசச் சொன்னார்கள்.

"ஆன்மிக நகரம்னு ஆரம்பிச்சிருக்கியே பொன்னி, அது அவங்களுக்குத் தெரியாதா? மொதல்ல பஸ்ஸக் கேளு. அப்புறமா காரணம் சொல்லு," என்றாள் மஹ்பூபா.

அவள் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே செல்போனில் நேரம் பார்க்க, நான் ஒன்பது தடவை பேசினேன். ஒன்பதாவது தடவை ஒரு நிமிடம் நாற்பது விநாடி. எனக்கே என் பேச்சு பிடித்துப்போயிற்று.

கூட்டத்தன்று வாசலிலேயே பரசுராமன் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரின் முன்னாள் வார்டு மெம்பர். கையில் ஒரு துண்டுச்சீட்டு, அதில் பதினொரு பெயர்கள்.

"எல்லாம் மேடையில இருக்கறவங்க, முன்வரிசையில இருக்கறவங்க. ஒவ்வொருத்தரா அவர்களேன்னு சொல்லிட்டு அப்புறம் விஷயத்துக்கு வாமா."

"டைம் கம்மிண்ணா."

"இன்னா பெரிய டைமு. ஒரு பேரு விட்டுப்போனாலும் மனஸ்தாபம். நாளைக்கு அவங்க வாசல்லதான் நாம போய் நிக்கணும்."

படிக்கக் கூடாது என்ற முடிவோடுதான் மைக் முன்னால் போனேன். முன்வரிசை மொத்தமும் என் வாயையே பார்த்தது. எனக்கு முன்னால் பேசிய ஒருவர்கூட பெயர் சொல்லாமல் ஆரம்பிக்கவில்லை. கை தானாகச் சீட்டை எடுத்துவிட்டது.

பாவி மனிதர், பெயரை மட்டுமா எழுதியிருந்தார்? ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பட்டம். "சமூக சேவைச் செம்மல் கோதண்டராமன் அவர்களே" என்றதும் அவர் எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டார். அவர் உட்காரும்வரை காத்திருந்தேன். அடுத்து முருகவேல். அவரும் எழுந்தார். எழுந்த ஒவ்வொருவரும் என் மகளின் பரீட்சை மேல் ஏறி நிற்பதுபோல் இருந்தது எனக்கு. பதினோராவதாக "மண்ணின் மைந்தர் பரசுராமன் அவர்களே" என்று படித்தேன். தன் பெயரையும் எழுதி வைத்திருந்தார். அவர் கும்பிட்டு முடிப்பதற்குள் மணி அடித்தது.

"எங்க ஊரு ஏழு மணி பஸ்..." என்றேன். மைக்கை வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும், அதை நடத்திய அதிகாரியைப் படிக்கட்டில் மறித்து, ஒரே மூச்சில் சொன்னேன். மொத்தமும் பத்து விநாடி ஆகியிருக்காது. மஹ்பூபா சொன்னது எவ்வளவு சரி.

"நியாயமான விஷயந்தாம்மா. இதையே மைக்ல சொல்லியிருந்தா அங்கயே குறிப்புல ஏத்தியிருப்பேன். இப்ப மனுவா குடுங்க, வரிசையில வர ஒரு மாசமாவது ஆகும்," என்றார் அவர்.

எனக்குப் பரசுராமன் மேல் ஆத்திரம் வந்தது. சீட்டைப் படித்த என் வாய்மேல் அதைவிட ஜாஸ்தியாக வந்தது. மஹ்பூபாவிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள். திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலை பரசுராமன் அண்ணன் பேப்பரோடு வந்தார். பதினொரு பெயரும் ஒரு எழுத்துப் பிசகாமல் வந்திருந்தன. கீழே, "பொன்னி வரவேற்றுப் பேசினார்."

"ஊரு பேரக் காப்பாத்திட்டம்மா நீ," என்றார்.

கவிநிலா பேப்பரை வாங்கி இரண்டு தடவை படித்தாள். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

"பஸ்ஸப் பத்திப் போடலியாம்மா?"

"நான் பேசலடி."

அவள் பேப்பரை மடித்து அவரிடமே கொடுத்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு எத்தினி மணிக்கு நடக்க ஆரம்பிக்கணும்?"