கடைவாய்ப் பல்

வில் பழகும் திடலில் அவளைப் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். கூடப் பழகிய பிள்ளைகள் வைத்த பெயர். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பல்லை நம்பிப் பிழைக்கிறவளுக்கு வேறென்ன பெயர் பொருந்தும்?

பிறக்கும்போதே அவளுக்கு வலது கை இல்லை. இடது கையில் வில்லைப் பிடிப்பாள். நாணில் ஒரு சின்னத் தோல்வார் கட்டியிருக்கும். அதைக் கடைவாய்ப் பல்லால் கவ்விக்கொண்டு வில்லை முன்னால் தள்ளுவாள். பதினாறு கிலோ இழுவை மொத்தமும் பல்லில் வந்து நிற்கும். வாயைத் திறந்தால் அம்பு பறந்துவிடும்.

"உன் வாயை மூட வைக்க இந்த உலகத்துல ஒரு வில்லாலதான் முடிஞ்சிருக்கு" என்பார் பயிற்சியாளர்.

பதினைந்து வயதில் பழகத் தொடங்கியபோது, பயிற்சியாளர் துணிப்பட்டை ஒன்றைத்தான் கட்டிக் கொடுத்தார். அது வழுக்கிக்கொண்டு போய், நாண் தாடையில் அறைந்தது. வீங்கிய தாடையோடு வீட்டுக்கு வந்தவளிடமிருந்து அப்பா அந்தத் துணிப்பட்டையை வாங்கி இழுத்துப் பார்த்தார். அவர் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவர். மூன்றாம் நாள் சட்டைப் பையிலிருந்து ஒரு தோல்வாரை எடுத்து நீட்டினார். மூன்று அடுக்காக மடித்து, ஓரம் தைத்து, பல் பதியும் இடத்தில் மட்டும் சொரசொரப்பாக விட்டிருந்தார்.

"இதக் கட்டிப் பாரு கண்ணு."

அது வழுக்கவில்லை. எச்சில் ஊறி மாதம் ஒரு வார் நைந்துபோகும். மாதம் ஒரு புது வார் வந்துவிடும். ஏழு வருடத்தில் ஒன்றுகூட அவளைக் கைவிட்டதில்லை. முதலில் மாவட்டப் போட்டி, பிறகு தேசியப் போட்டியில் இரண்டாமிடம், அதற்கடுத்த வருடம் தங்கம். விளையாட்டு ஒதுக்கீட்டில் தபால் நிலையத்தில் வேலையும் கிடைத்தது. காலையில் அம்பு, பகலில் முத்திரை, சாயங்காலம் மறுபடி அம்பு என்று நாட்கள் ஓடின.

நாட்டின் அணிக்கு ஆள் எடுக்கும் போட்டிக்குப் பதினாறு நாள் இருந்தபோது வலது கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியது. இரண்டு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் நாணை இழுத்தபோது கண்ணில் பொறி பறந்தது. அப்பாதான் பல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். எக்ஸ்ரே படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பல்லு வேர் வரைக்கும் விரிசல் விட்டிருக்கும்மா. எடுத்துத்தான் ஆகணும். புண்ணு ஆறி, அந்த இடத்துல வேற பல்லு வச்சு உறுதியாக ஆறேழு மாசம் ஆகும். அதுவரைக்கும் அந்தப் பக்கம் எதையும் கவ்வக் கூடாது."

அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"டாக்டரம்மா, தப்பா நினைக்காதீங்க. என் பல்லை எடுத்து அவளுக்கு வைக்க முடியாதா?"

மருத்துவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். "அப்படியெல்லாம் வைக்கிறதில்லைங்க. சரி, எங்க, வாயத் திறங்க பாப்போம்."

அப்பா தயங்கினார். பிறகு திறந்தார். மருத்துவர் குனிந்து பார்த்தவர், நிமிர நேரமாயிற்று.

"என்னங்க இது? வலது பக்கம் மேலயும் கீழயும் நாலு பல்லு இல்ல. மிச்சமும் தேஞ்சு கிடக்கு. அப்படி என்னத்தத்தான் கடிச்சீங்க?"

"அது... சும்மா, வாரு சரியா நிக்குதான்னு..."

"எந்த வாரு?" என்றாள் அவள்.

அப்பா தரையைப் பார்த்தார். கேட்கக் கேட்கத்தான் விஷயம் வெளியே வந்தது. பட்டறைச் சுவரில் ஒரு கொக்கி உண்டாம். ஒவ்வொரு வாரையும் அதில் மாட்டி, தன் கடைவாயில் கவ்வி, முழு பலத்தோடு முப்பது தடவை இழுத்துப் பார்ப்பாராம். வழுக்கினால் பிரித்துத் தைப்பார். நின்றால்தான் வீட்டுக்கு வரும்.

"உனக்கு மறுபடி தாடையில அடிபடக் கூடாதுல்ல" என்றார், ஏதோ திருடி மாட்டிக்கொண்டவரைப் போல.

வீட்டுக்கு வந்ததும் அவள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குத் தெரியுமாம்மா?"

"ஏழு வருஷமா சோறு ஏன் குழைஞ்சே கிடக்குன்னு என்னைத் திட்டுனியே தவிர, யாருக்காகக் குழைய வைக்கிறேன்னு ஒரு நாளாவது கேட்டியா? சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருடி அந்த மனுஷன்."

அன்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுது தீர்த்தாள். மறுநாள் பல்லை எடுத்துவிட்டார்கள்.

புண் ஆறுமுன்பே திடலுக்குப் போய்விட்டாள். இடது பக்கப் பல்லால் இழுப்பது புதிதாக நடை பழகுவது போலிருந்தது. தலை திரும்பும் கோணமே மாறிப்போனது. அம்புகள் இலக்குப் பலகையை விட்டுவிட்டு மண்ணைத் தைத்தன. தேர்வுப் போட்டியில் நான்கு பேரை எடுத்தார்கள். அவள் ஐந்தாவது.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் மருத்துவர் அவளுடைய பல் வரிசையை மாவில் அச்செடுத்து, இரண்டு தாடையும் திறந்து மூடுகிற மாதிரிக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்து அப்பாவிடம் கொடுத்தார்.

"இனிமே உங்க வாயில இல்ல, இதுல மாட்டி இழுத்துப் பாருங்க. உடைஞ்சா வேற செஞ்சு தர்றேன்."

அப்பா அதைப் பட்டறையில் இரும்புப் பிடியில் இறுக்கி வைத்துக்கொண்டார். "மகளே, கொஞ்சம் நல்லாக் கவ்வு" என்று அவர் அதனோடு பேசுவதாக மற்ற தையல்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்து அவள் வாங்க நினைத்திருந்த புது வில் அப்படியே நின்றது. அப்பாவுக்குப் பல் செட் வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று ஒரு வாரம் அடம்பிடித்தவர், போட்டுக்கொண்ட பிறகு கண்ணாடிக்கு முன்னால் போய்ப் போய் நின்றார்.

அடுத்த வருடம் இடது பக்கமே அவளுக்குப் பழகிவிட்டது. நான்கு பேரில் மூன்றாவதாகத் தேர்வாகி, கடல் தாண்டி உலகப் போட்டிக்குப் போனாள். மூன்று சுற்று ஜெயித்து, காலிறுதியில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றாள். கடைசி அம்பு இலக்கின் நடு மஞ்சள் வட்டத்துக்கு நூலிழை வெளியே நின்றது.

அறைக்கு வந்து பட்டறைக்குப் போன் போட்டாள். முதல் மணிக்கே அப்பா எடுத்தார். பட்டறை மொத்தமும் அவரைச் சுற்றி உட்கார்ந்து போட்டியை நேரலையில் பார்த்திருக்கிறது.

"ஒரு புள்ளிப்பா" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

"பாத்தேன் கண்ணு." "வாரு வழுக்குச்சா?"

"இல்லப்பா. கல்லு மாதிரி நின்னுச்சு. கைதான் கடைசியில ஆடிடுச்சு."

"அப்ப சரி" என்றார் அப்பா. "கையத் தேத்திக்கலாம். சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல. நீங்க?"

பதிலுக்கு நறநறவென்று ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டது.

"வறுத்த கடலை" என்றார் அப்பா, வாய் நிறைய வைத்துக்கொண்டு.