வெளியாளைக் கூப்பிட்ட மென்பொருள்

நான் பொய் சொல்வதில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் ஜனங்கள் நம்புவதில்லை என்பது வேறு விஷயம்.

என் தங்கையும் அவள் புருஷனும் ஓர் அச்சகம் நடத்துகிறார்கள். அங்கே பக்கம் அமைப்பது என் வேலை. அதற்கென்று ஒரு மென்பொருள் உண்டு. எழுத்து, வரி, ஓரம் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். வரைபடம் மாதிரி தனக்குத் தெரியாத வேலை வந்தால் மட்டும், கம்ப்யூட்டரில் உள்ள வேறு புரோகிராமைக் கூப்பிடும். அதற்கு நம் அனுமதி வேண்டும். யாரையும் கூப்பிடாதே என்று சொல்லலாம். பட்டியலில் உள்ளவர்களை மட்டும் கூப்பிடு என்று சொல்லலாம். யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள் என்று விட்டும் விடலாம். நான் யாரையுமே விடவில்லை. காரணம், என் தங்கை எழுதிய துப்பறியும் நாவல் அதே கம்ப்யூட்டரில் இருந்தது. வேறு பிரதி கிடையாது.

“அண்ணே, இது போச்சுன்னா நான் இன்னொரு தடவை எழுத மாட்டேன்” என்று சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படி.

அப்போதுதான் ஓர் எஞ்சினியர் தன் புத்தகத்தை அச்சடிக்கக் கோப்பாகக் கொண்டுவந்தார். படம் வர வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டமாக நின்றது. அவர் கோப்பு யார் யாரைக் கூப்பிடுகிறது என்று முழுக்கப் படித்துவிட்டு, படம் வரையும் புரோகிராமை மட்டும் பட்டியலில் சேர்க்கலாம் என்றேன்.

“நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள இவருக்குப் பேரன் பொறந்துடுவான், மச்சான்” என்றார் மாப்பிள்ளை.

நான் டீ குடிக்கப் போன நேரத்தில், யாரை வேண்டுமானாலும் கூப்பிடு என்று திறந்துவிட்டார்.

திரும்பி வந்தபோது படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் வந்திருந்தன. மாப்பிள்ளை மீசையைத் தடவினார். அந்த நேரம் பார்த்து மொட்டைமாடித் தொட்டியின் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது.

எஞ்சினியர் முகம் வெளுத்தது. தன் வீட்டு வேலையெல்லாம் கம்ப்யூட்டரே செய்யும்படி வைத்திருப்பவராம். புத்தகம் தயாராகும்போதே அதுவும் முடியட்டும் என்று கோப்பின் கடைசியில் அந்த உத்தரவுகளையும் எழுதியிருந்தார். எடுக்க மறந்துவிட்டார்.

செடிக்குத் தண்ணீர் விடச் சொன்ன உத்தரவு, அதே கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த எங்கள் மோட்டாரைப் பிடித்துக்கொண்டது. மீனுக்குத் தீனி போடச் சொன்னது மீனைத் தேடியது, கிடைக்கவில்லை. பொறுப்பான உத்தரவு, வாயைத் திறந்துகொண்டு நின்ற பிரிண்டருக்குக் கட்டுக்கட்டாகக் காகிதம் ஊட்டியது. கடைசி உத்தரவு, பழைய கோப்புகளை அழிப்பது. மனுஷர் ஜாக்கிரதைக்காரர், அழிப்பதற்கு முன் ஒரு பிரதி அச்சடிக்கச் சொல்லியிருந்தார்.

நான் பிளக்கைப் பிடுங்குவதற்குள் நாவல் கம்ப்யூட்டரில் இல்லை. மாடிப்படி வழியாக வந்த தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. அதன்மேல் நாவல் தாள்தாளாக, தீனிக்கு வந்த மீன் போல நீந்திக்கொண்டிருந்தது. பக்க எண் போடுவது என் வேலை, இன்னும் போடவில்லை.

தங்கை வந்து வாசலில் நின்றாள்.

“என் கதை எங்கே?”

மாப்பிள்ளை தரையைக் காட்டினார்.

அறைக்குக் குறுக்கே கயிறு கட்டி, கைக்கு வந்த வரிசையில் தாள்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தபடியே அவள் படித்தாள். மாப்பிள்ளை ஈரக் கால்சட்டையோடு, பரீட்சை முடிவுக்கு நிற்பவர் மாதிரி நின்றார்.

“சமையல்காரன்தான் கொலைகாரன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சுடுது” என்றாள் கடைசியில். “அதுக்கப்புறம் அவன் ஒவ்வொரு தடவை சூப் கொண்டு வந்து வைக்கும்போதும் குடிக்காதேன்னு கத்தணும் போல இருக்குது. கயித்துல இருக்கிற வரிசையிலயே அடிங்க.”

அப்படியே அடித்தோம். நாவல் விற்ற வேகத்தைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

இப்போது வெளியார் கோப்புகளைத் தனிக் கம்ப்யூட்டரில்தான் திறக்கிறோம். அதில் எங்களுடையது எதுவும் இல்லை. மோட்டாரோடும் அதற்கு உறவில்லை. பட்டியலைத் தங்கையே எழுதினாள்: படம் வரையும் புரோகிராம், அவ்வளவுதான். அந்த அறைச் சாவியும் அவளிடம்தான்.

“என்னைச் சேர்க்கலையா?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

“உங்களுக்குப் படம் வரையத் தெரியுமா?”

மாப்பிள்ளை இப்போது வரையப் பழகிக்கொண்டிருக்கிறார். நேற்று ஒரு படம் வரைந்து காட்டினார். பிரிண்டர் நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினேன். அது யானையாம்.