பெரட்டுக் களத்தை மேட்டுக்கு ஏற்றிய கதை

இருபத்தாறாம் வருஷ வெள்ளம், மலாய்க்காரர்கள் சுங்காய் என்கிற ஆற்றுப் பக்கமாக, எங்கள் ரப்பர் தோட்டத்துக்குள் வந்தபோது மணி அடித்தவன் நான்தான். ஜனங்கள் தப்பித்து ஓடட்டும் என்று அடித்தேன். அவர்கள் தினமும் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கு ஓடிவந்தார்கள். களம் ஆற்றோரம். என் தம்பி சீனி அங்கேயே வெள்ளத்தோடு போய்விட்டான்.

மறுவருஷம் தோட்டப் பஞ்சாயத்தில் ஐந்து பேரில் ஒருவனாக உட்கார்ந்ததும் இதைத்தான் முதலில் பேசினேன். மும்மூன்றாக மணி அடித்தால் வெள்ளம், ரப்பர் காயவைக்கிற புகைக்கூடத்து மேட்டுக்கு ஏறவேண்டும் என்று முடிவானது. ஜனங்கள் குடியிருக்கிற லயம் லயமாகப் போய்ச் சொன்னோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்துப் பார்த்தேன். அத்தனை பேரும் மரப்பால் வாளியோடு களத்தில் வந்து நின்றார்கள்.

“மேட்டுக்குன்னு சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்க அண்ணே. காலு இங்கதான்லா வருது. நிக்காட்டி கங்காணி அரைப்பேரு போட்டு அரைநாள் கூலிய வெட்டிருவாரு” என்றாள் செல்லாயி.

“ஞாயித்துக்கெழம ஏது பேரு?”

“அதத்தான் நாங்களும் யோசிச்சுக்கிட்டு நிக்கிறோம்.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடுத்த வாரமும் இதே கூத்து.

கங்காணி அப்பாவுவிடம் போனேன். “மணியையும் பெரட்டையும் மேட்டுக்கே மாத்திருங்க.”

“தெனம் நான் ஏறணுமா? முட்டி வலிடா சதாசிவம்.”

“உங்க முட்டிக்காக இன்னும் எத்தன பேரு சாகணும்?”

பஞ்சாயத்தாக ஐந்து பேரும் போய்த் துரையிடம் கேட்டோம். வேலை நேரத்துக்கு ஆரம்பித்தால் சரி என்றார். அன்றிலிருந்து விடியற்காலையில் மேடு ஏறுகிறவர்கள் எல்லாம் என் காதுபடவே என்னைத் திட்டினார்கள்.

மார்கழியில் ஒரு மத்தியானம் ஆறு பொங்கியது. மும்மூன்றெல்லாம் மறந்துபோய்க் கண்டபடி அடித்தேன். வந்தார்கள், மேட்டுக்கு. அப்பாவு மூச்சிரைக்க வந்து பேர்ப் புத்தகத்தைப் பிரித்தார்.

“இப்ப எதுக்கு அது?”

“யாரு வரலன்னு வேற எப்படிடா தெரியும்?”

கருப்பம்மாள் என்ற பெயருக்குப் பதில் இல்லை. நாலு பேர் கீழே ஓடினோம். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவள் கோழி பிடித்துக்கொண்டிருந்தாள்.

“சேவல் மட்டும் மாட்ட மாட்டேங்குதுப்பா.”

“ஏறு பெரியம்மா முதுகுல!” என்று கத்தினேன்.

மேலே கொண்டுவந்து இறக்கினேன். கங்காணி அவள் பெயருக்கு நேரே வந்தாச்சு என்று கோடு போட்டார். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.