அப்பாவின் கார்டையும் நானே தேய்த்தேன்

கப்பல் நகர்ந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. அப்பா கப்பலில் இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். இருந்தும் ஒன்பதாவது தளம் வரை ஓடி ஓடித் தேடினேன். சாப்பாட்டுக் கூடம், நீச்சல் குளம், அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பின்பக்கம். எப்படியாவது ஏறியிருக்க மாட்டாரா என்று.

அறையில் அம்மா காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

"எங்கடி உங்கப்பா? இன்னும் ஐஸைத் தேடிக்கிட்டு இருக்காரா?"

"மேல இருக்காரும்மா." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மலையிலிருந்து உறைந்து இறங்கும் பனியாற்றை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்து ஐந்து நாளும் ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு அடித்த மாதிரி மூடுபனி. மலைகூடத் தெரியவில்லை. "நம்ம வீட்டு ஃப்ரீசரைத் திறந்திருந்தா இதைவிட நல்லாத் தெரிஞ்சிருக்கும்" என்று அம்மா சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தூங்காமல் தளம் தளமாக நடந்தார்.

அப்பா எதைக் கொடுத்தாலும் தொலைத்துவிடுவார். அதனால் மூன்று பேரின் கப்பல் அடையாளக் கார்டும் என் கழுத்துப் பையில்தான் இருக்கும். ஏறும்போது வாசல் மெஷினில் நான்தான் மூன்றையும் தேய்ப்பேன். யார் ஏறினார்கள் என்று கப்பலுக்கு அதை வைத்துத்தான் தெரியும்.

இன்று கடைசி ஊர், நல்ல மழை. அம்மாவை உள்ளே அனுப்பியதும் அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"மேகம் விலகுது பாரு. அந்த ரோட்டுத் திருப்பம் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு ஓடி வந்துர்றேன். என் கார்டையும் தேய்ச்சுரு. இல்லேன்னா மைக்ல பேரைக் கூப்பிடுவாங்க, உங்கம்மா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிருவா. அரைமணில கார்டோட வாசலுக்கு வா."

அப்பா கார்டையும் தேய்த்தபோது வாசல் காவல்காரர், "அப்பா எங்கே?" என்றார். "பின்னாடி வர்றார்" என்று வரிசையைக் காட்டினேன். மழையில் அவரும் தலையாட்டிவிட்டார்.

அரைமணியில் வாசலுக்குப் போய் நின்றேன். அப்பா வரவில்லை. கதவைச் சாத்தும்போது சொல்லியிருக்கலாம். பொய் சொன்னது தெரிந்துவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் வரவேற்பு மேசைக்குப் போய் அழுதேன்.

"உள்ளதான் இருக்கார்னு காட்டுதேம்மா" என்றார் அங்கிருந்த அக்கா.

"இல்லக்கா. நான்தான் தேய்ச்சேன்."

அவர் முகம் வெளுத்தது. "நல்லவேளை சொன்னே. இல்லேன்னா கடல்ல விழுந்துட்டார்னு நினைச்சிருப்போம்."

கரை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அக்கா போனை என்னிடம் கொடுத்தார்.

"பயப்படாதம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

"கப்பல் கிளம்பறப்ப மூணு தடவை ஊதுனாங்களேப்பா, கேக்கலையா?"

"கேட்டுச்சு. அம்மாகிட்டச் சொல்லாத."

"பனியாறு தெரிஞ்சுதா?"

"இல்ல."

"அப்புறம் ஏம்ப்பா..."

"வர்றேம்மா" என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

ராத்திரி மணி இரண்டாகிறது. விஷயத்தைச் சொன்னதும் அம்மா முதலில் என்னைத் திட்டினாள், பிறகு அழுதாள், பிறகு விளக்கை அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றுதான் போர்வைக்குள் இதை எழுத ஆரம்பித்தேன். இப்போது இருட்டில் குரல் வருகிறது.

"ஏண்டி, கப்பல் ஊதுனது அவருக்குக் கேக்கவே இல்லையாமா?"